பழைய பிக்கப்பில் இன்ஜின் மிஸ் அடித்தால்: எந்த சிலிண்டர், என்ன குறை என்று கண்டுபிடிப்பது எப்படி

வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது குலுங்குகிறது. சைலன்சர் வாயில் சத்தம் சீராக வராமல் நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போகிறது. சுமையோடு மேட்டில் ஏறினால் இழுக்க மறுக்கிறது. பெட்ரோல் மட்டும் வழக்கத்தைவிட வேகமாகத் தீர்கிறது. இன்ஜின் மிஸ் அடிக்கிறது என்று சொல்வது இதைத்தான்.

உடனே பலர் செய்வது, புது பிளக் செட் வாங்கிப் போடுவது. அதில் தீரவில்லை என்றால் ஒயர் செட். அதிலும் தீரவில்லை என்றால் ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப், உயர் வோல்ட்டேஜ் உண்டாக்கும் காயில், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் ஓவர்ஹால் என்று பட்டியல் நீளும். நடுவில் ஏதோ ஒன்று தற்செயலாகக் கைகொடுக்கலாம். ஆனால் காரணம் கருகிப்போன ஒரு வால்வு என்றால், இத்தனையையும் மாற்றிய பிறகும் குலுக்கல் அப்படியே இருக்கும். கடைக்குப் போவதற்கு முன்பே இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை? அந்த சிலிண்டருக்கு எது கிடைக்கவில்லை?

இங்கே சொல்பவை டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய பெட்ரோல் பிக்கப்களுக்கு: 4, 6 அல்லது 8 சிலிண்டர், கார்புரேட்டர் அல்லது தொடக்ககால ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது என்பதால் அதைச் சோதிக்கும் வழி வேறு.

மிஸ் என்றால் உள்ளே என்ன நடக்கிறது

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை எரிகிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் விடும்போது, நிமிடத்துக்கு 800 சுற்று (800 ஆர்.பி.எம்.) ஓடுகிறது என்றால் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 400 முறை எரிய வேண்டும். வி8 இன்ஜின் என்றால் மொத்தம் 3,200 எரிப்புகள். இதில் ஒன்று எரியாமல் போனால் அதுதான் மிஸ். ஒரே சிலிண்டர் ஒவ்வொரு முறையும் எரியாமல் போகலாம். அப்போது குலுக்கல் ஒரே தாளத்தில் இருக்கும். எல்லா சிலிண்டர்களிலும் மாறி மாறி விட்டுப்போகலாம். அப்போது தாளமே இருக்காது. காதால் கேட்டாலே பிடிபடும் இந்த வேறுபாடு முக்கியமானது. தாளத்தோடு வரும் மிஸ் ஒரு சிலிண்டருக்கு மட்டும் உரிய பாகத்தைக் காட்டுகிறது: அதன் பிளக், அதன் ஒயர், அதன் வால்வு, அதன் இன்ஜெக்டர். தாளமில்லாத மிஸ் எல்லோருக்கும் பொதுவானவற்றைக் காட்டுகிறது: காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார், பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர், காற்றுக் கசிவு.

எரிவதற்கு வேண்டியவை மூன்று. சரியான அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று. அதை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஷன். சரியான நேரத்தில் வலுவான ஸ்பார்க். மிஸ்ஸுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம்; எல்லாம் இந்த மூன்றில் ஒன்றில் வந்து முடியும்.

எப்போது மிஸ் அடிக்கிறது என்பதே பாதி விடை

டூல் பெட்டியைத் திறப்பதற்கு முன் மிஸ் எந்த நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள். ஐடிலில் மோசமாக இருந்து, ரேஸ் கொடுத்தால் சரியாகிவிடுகிறதா? பெரும்பாலும் காற்றுக் கசிவு. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அதில் ஒரு கிழிந்த ஹோஸ் வழியே வரும் உபரிக் காற்று பெரிய பங்காகி, கலவையைக் கெடுத்துவிடும். த்ராட்டில் (காற்று வழியின் கதவு) திறந்ததும் இன்டேக் மேனிஃபோல்டில் (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்) வேக்குவம் (உறிஞ்சும் வெற்றிடம்) குறைகிறது, உள்ளே போகும் மொத்தக் காற்று கூடுகிறது. அதே கசிவு அங்கே ஒரு பொருட்டே இல்லை. புகையைத் திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டாலும் இதே மாதிரிதான் நடந்துகொள்ளும். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்திருந்தாலும் ஐடிலில்தான் அதிகம் தெரியும்.

ஐடிலில் நன்றாக இருந்து, மேட்டிலோ சுமையிலோ திணறுகிறது என்றால் முதலில் ஸ்பார்க் பக்கம் பாருங்கள். த்ராட்டில் முழுதாகத் திறக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட்டேஜ் தேவை. ஒயரின் ரப்பர் உறையிலோ கேப்பிலோ சின்ன விரிசல் இருந்தால், மின்சாரம் பிளக்கைத் தாண்டுவதைவிட அந்த விரிசல் வழியே இன்ஜின் உலோகத்துக்குத் தாவுவது சுலபமாகிவிடும். பெட்ரோல் ஃபில்டர் அடைப்பும் சுமையில்தான் காட்டும். ஆனால் அதில் வெட்டு வெட்டாக அடிக்காமல் வண்டி மெல்ல வலுவிழந்து துவளும்.

மழையிலும் அதிகாலை ஈரத்திலும் மட்டும் வந்தால் ஒயரும் கேப்பும். இன்ஜின் சூடான பிறகு மட்டும் வந்து, ஆறினால் மறைந்தால் காயில் அல்லது அதை இயக்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல். குளிர்ந்திருக்கும்போது மட்டும் வந்தால், குளிரில் பெட்ரோல் பங்கைக் கூட்டும் சோக் சரியாக வேலை செய்யவில்லை. மேலே, அதிக ஆர்.பி.எம்.மில் மட்டும் வந்தால் பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இடைவெளி, தளர்ந்த வால்வு ஸ்பிரிங், பெட்ரோல் போதாமை.

ஒன்றை இங்கேயே விலக்கிவிட வேண்டும். குலுக்கல் எல்லாம் மிஸ் அல்ல. இன்ஜின் மவுன்ட் ரப்பர் கிழிந்திருந்தாலும் ஐடிலில் வண்டி ஆடும். ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்திருந்தாலும் ஓட்டத்தில் அதிரும். சைலன்சர் சத்தம் சீராக இருந்து வண்டி மட்டும் அதிர்ந்தால் இன்ஜினுக்குள் தேடாதீர்கள்.

கை வைப்பதற்கு முன்

பிளக் ஒயரில் ஓடுவது பத்தாயிரக்கணக்கான வோல்ட். எலெக்ட்ரானிக் இக்னிஷனில் 30,000 வோல்ட்டைத் தாண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் இன்ஜினின் இக்னிஷன் பக்கம் வரவே கூடாது. மற்றவர்களும் ஓடும் இன்ஜினில் ஒயரை வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். தொளதொளவென்ற சட்டைக் கை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் ஃபேன் பெல்ட் அருகே இருக்கக் கூடாது. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடாதீர்கள். அது கக்கும் புகையில் நச்சான கார்பன் மோனாக்சைடு இருக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டி என்றால் மிஸ்ஸோடு நெடுநேரம் ஓட்டக் கூடாது: எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து, தேன்கூடு போன்ற அதன் உட்பகுதியை உருக்கிவிடும். செக் இன்ஜின் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் அந்த எச்சரிக்கைதான் அது.

எந்த சிலிண்டர்?

ஓ.பி.டி. 2 சாக்கெட் (ஸ்கேனரை மாட்டி, வண்டியின் கம்ப்யூட்டர் பதிவுசெய்த குறைக் குறியீடுகளைப் படிக்கும் இடம்) இருந்தால் வேலை சுலபம். அமெரிக்கச் சந்தை வண்டிகளில் இது 1996 மாடலிலிருந்து கட்டாயம். ஸ்கேனரில் பி0301 வந்தால் 1ஆம் சிலிண்டர், பி0304 வந்தால் 4ஆம் சிலிண்டர். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்றல்ல, பல சிலிண்டர்களில் மாறி மாறி வருகிறது. குறியீடு சிலிண்டரைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. பி0304 வந்ததும் 4ஆம் பிளக்கை மாற்றிவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம்.

அந்த சாக்கெட் இல்லாத பழைய வண்டிக்கு நம்பகமான வழி, ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பது. ஓடும்போது ஒயரைப் பிடுங்கித் தொங்கவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது வேண்டாம். போக வழியில்லாத வோல்ட்டேஜ் உச்சத்துக்கு ஏறி, காயிலுக்குள்ளோ ரோட்டாருக்குள்ளோ ஓட்டை போட்டு வழி தேடும், மாட்யூலும் போகலாம். அதற்குப் பதில் ஒரு உதிரி பிளக்கை எடுத்து, அதன் உலோக உடலை ஜம்பர் கிளிப்பால் இன்ஜினில் எர்த் செய்யுங்கள். பெட்ரோல் லைனுக்கும் கார்புரேட்டருக்கும் தள்ளியே வையுங்கள். இன்ஜினை நிறுத்தி 1ஆம் ஒயரை எடுத்து அந்த உதிரி பிளக்கில் மாட்டி, ஸ்டார்ட் செய்து, டேக்கோமீட்டரில் ஆர்.பி.எம். எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அரை நிமிடம் போதும். நிறுத்தி, ஒயரை அதன் இடத்தில் மாட்டிவிட்டு அடுத்தது. நல்ல சிலிண்டரை நிறுத்தினால் ஆர்.பி.எம். இறங்கும், குலுக்கல் கூடும். ஏற்கெனவே செத்திருக்கும் சிலிண்டரை நிறுத்தினால் எந்த மாற்றமும் இருக்காது. நீங்கள் தேடுவது அதைத்தான்.

4 சிலிண்டரில் இறக்கம் பெரிதாகத் தெரியும். வி8இல் சிறிதாக இருக்கும், ஊன்றிக் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஐடிலைக் கட்டுப்படுத்தும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் இறங்கிய ஆர்.பி.எம்.மை அது தானே தூக்கிவிடும். அங்கே ஐடில் கன்ட்ரோல் வால்வின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து வைத்துச் சோதியுங்கள்.

டைமிங் லைட் (ஒயரில் துடிப்பு போகும் ஒவ்வொரு முறையும் மின்னும் விளக்கு) இருந்தால் இன்னொரு சோதனை. அதன் கிளாம்ப்பை ஒவ்வொரு பிளக் ஒயரிலும் மாட்டி, ட்ரிக்கரை அழுத்தி ஃப்ளாஷைப் பாருங்கள். சீராக மின்னினால் அந்த ஒயரில் மின்சாரம் போகிறது. விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஸின் காரணம் ஸ்பார்க் பக்கத்தில், அந்த ஒயரிலோ அதற்கு முன்போ இருக்கிறது. ஃப்ளாஷ் சீராக இருந்தும் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் பிளக், பெட்ரோல், கம்ப்ரஷன் மூன்றில் ஒன்று. ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல் தேடலைப் பாதியாகக் குறைக்கும் சோதனை இது. டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) வைக்க மட்டும் அந்தக் கருவியை எடுப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கையில் இருந்தால், ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் வெப்பத்தை அளக்கலாம். எரியாத சிலிண்டரின் கிளை மற்றவற்றைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருக்கும். நேரம் போனால் மேனிஃபோல்ட் முழுவதும் சூடு பரவி வித்தியாசம் மங்கிவிடும்.

செத்த சிலிண்டர்கள் எவை என்று தெரிந்ததும், அவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஒன்று மட்டுமா? அதன் சொந்தப் பாகம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டா? இரண்டுக்கும் நடுவில் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்பு) போயிருக்கலாம், அல்லது அந்த இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கலாம். இரட்டைத் தள இன்டேக் மேனிஃபோல்ட் உள்ள வி8இல், ஃபயரிங் ஆர்டரில் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு சிலிண்டர்கள் பலவீனமா? கார்புரேட்டரின் ஒரு பக்க ஐடில் பாதை அடைத்திருக்கிறது. இப்படி இடத்தை வைத்தே காரணம் நெருங்கிவிடும்.

ஃபயரிங் ஆர்டரை இந்தக் கட்டத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். 4 சிலிண்டரில் பெரும்பாலும் 1-3-4-2. நேர்வரிசை 6 சிலிண்டரில் 1-5-3-6-2-4. வி8இல் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும்: செவ்ரோலெட்டின் பழைய வி8களில் 1-8-4-3-6-5-7-2, ஃபோர்டின் பழைய 302 கன அங்குல வி8இல் 1-5-4-2-6-3-7-8. சிலிண்டருக்கு எண் இடும் முறையும் ரோட்டார் சுற்றும் திசையும் இன்ஜினுக்கு இன்ஜின் வேறு. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். செவ்ரோலெட் வரிசையில் 5உம் 7உம் அடுத்தடுத்து எரிகின்றன. இன்ஜினிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இவற்றின் ஒயர்கள் ஒட்டி இணையாக ஓடினால் ஒன்றின் துடிப்பு மற்றதில் தூண்டப்பட்டு, 7ஆம் சிலிண்டர் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும். 302இல் 7உம் 8உம் அப்படி. ஒயர்கள் புதிதாக இருந்தாலும் இது நடக்கும். இரண்டையும் தள்ளி வைத்து, ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கவிட்டால் தீர்ந்துவிடும்.

பிளக்கைக் கழற்றிப் படியுங்கள்

மிஸ் அடிக்கும் நிலையில் இன்ஜினை ஓட்டி, உடனே நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டுக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்; பிளக் தொப்பியைப் பிடித்து அரைச் சுற்று திருகிப் பிறகு இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே கார்பன் இழை அறுந்து, இல்லாத மிஸ் ஒன்று புதிதாக வந்து சேரும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளிய பிறகே திருகுங்கள். கழற்றியதை அட்டையில் எண் எழுதி வரிசையாக வையுங்கள்.

முனை வெளிர் பழுப்பாக இருந்தால் அந்த சிலிண்டர் நலம். உலர்ந்த கருப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ஸ்பார்க் பலவீனம். பெட்ரோலில் நனைந்து வாசனை அடித்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை: ஸ்பார்க் இல்லை அல்லது கம்ப்ரஷன் இல்லை. எண்ணெய் பிசுபிசுப்பு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்து எண்ணெய் ஏறுகிறது. சுண்ணாம்பு வெளுப்பும் கொப்புளமும் கலவை மெலிந்ததைச் சொல்கின்றன. ஒரு பிளக் மட்டும் கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் ரேடியேட்டர் தண்ணீர் போகிறது.

முனையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிட வேண்டாம். வெள்ளைப் பீங்கானின் வெளிப்புறத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சிலில் கிறுக்கியது மாதிரி மெல்லிய கருங்கோடு தெரிந்தால், மின்சாரம் உள்ளே போகாமல் பீங்கான் மேல் வழிந்து எர்த்துக்குப் போயிருக்கிறது. இந்தக் கோடு பிளக்கில் இருந்தால் தொப்பியின் உட்சுவரிலும் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய தொப்பியின் கோடு சில நாளில் புது பிளக்கையும் கெடுத்துவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். பாயின்ட் வைத்த இக்னிஷனில் பொதுவாக 0.7 முதல் 0.9 மி.மீ., எலெக்ட்ரானிக் இக்னிஷனில் 1.0 முதல் 1.1 மி.மீ.; சிலவற்றில் 1.5 மி.மீ. வரை உண்டு. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணே இறுதி. மாட்டும்போது முதல் சில சுற்றுகள் கையாலேயே போக வேண்டும். வாஷர் உள்ள புது பிளக் உட்கார்ந்த பிறகு அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று. வாஷர் இல்லாத சரிவு முகப் பிளக் என்றால் பதினாறில் ஒரு சுற்று போதும். அலுமினிய ஹெட்டில் இதை மீறினால் மரை போய்விடும்.

ஸ்பார்க் போகும் பாதை

ஒரு சிலிண்டர் மட்டும் என்றால் அதன் ஒயரை வேறொரு நல்ல சிலிண்டரின் ஒயரோடு இடம் மாற்றுங்கள்; நீளம் எட்ட வேண்டும், கேப்பில் மாட்டும் துளை மாறக் கூடாது. பிறகு பிளக்கையும் அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். மிஸ் பாகத்தோடு கூடவே நகர்ந்தால் குற்றவாளி அந்தப் பாகம். நகரவில்லை என்றால் ஒயரும் பிளக்கும் விடுதலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்; இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போகும்.

மல்ட்டிமீட்டரில் ஒயரின் ஓம் அளக்கலாம். கார்பன் இழை ஒயர் மீட்டருக்குச் சுமார் 10,000 முதல் 25,000 ஓம் காட்டும். எண்ணைவிட ஒப்பீடு முக்கியம்: மற்றவை ஒரே மாதிரி இருக்க, ஒன்று மட்டும் பல மடங்கு எகிறினால் அது போயிற்று. ஆனால் உறையில் உள்ள விரிசல் மல்ட்டிமீட்டரில் தெரியாது. அதற்கு இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்பிரே பாட்டிலால் ஒயர்கள் மேல் பனி மாதிரி லேசாகத் தண்ணீர் அடியுங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும், 'டிக் டிக்' என்று காதிலும் விழும்.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு மரக்கிளை போல ஓடும் கருங்கோடு, முடி போன்ற விரிசல், பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த முனைகள், நடுவில் தேய்ந்துபோன அல்லது உடைந்த கார்பன் பொத்தான்: எது இருந்தாலும் கேப்பையும் ரோட்டாரையும் சேர்த்து மாற்றுங்கள். ரோட்டாரின் நடுப்பகுதிக்கு அடியில் கருகிய புள்ளி இருந்தால் மின்சாரம் அதைத் துளைத்து ஷாஃப்ட்டுக்கு இறங்குகிறது. இதை மேலிருந்து பார்த்தால் தெரியாது. கழற்றித் திருப்ப வேண்டும். ஒயர்களை ஒவ்வொன்றாகப் பழைய கேப்பிலிருந்து புதியதற்கு மாற்றினால் வரிசை குழம்பாது.

பாயின்ட் உள்ள வண்டியில், கேமின் மேட்டில் பாயின்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி பொதுவாக 0.4 முதல் 0.5 மி.மீ. முகங்கள் நீலமாகக் கருகியோ, ஒன்றில் குழியும் மற்றதில் மேடுமாகவோ இருந்தால், பாயின்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். கண்டென்சர் போனால் ஸ்பார்க் மஞ்சளாக மெலியும், புதிதாகப் போட்ட பாயின்ட்டும் சீக்கிரம் கருகும். ஷாஃப்ட்டைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்து ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பாயின்ட் ஒவ்வொரு அளவில் திறக்கும். எத்தனை முறை இடைவெளி வைத்தாலும் நிற்காது. பாயின்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும். அதனால் முதலில் இடைவெளி, பிறகு டைமிங்.

எல்லா சிலிண்டர்களிலும் ஸ்பார்க் மெலிவாக இருந்தால் காயிலுக்கு வாருங்கள். பாயின்ட் வகைக் காயிலில் பிரைமரி சுருளின் அளவு, ரெசிஸ்டர் தனியாக உள்ள வண்டியில் சுமார் 1.5 ஓம், இல்லாததில் சுமார் 3 ஓம். எலெக்ட்ரானிக் வகையில் பெரும்பாலும் 1 ஓமுக்கும் கீழே. ஆறிய நிலையில் சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் கைவிடும் காயில்கள் உண்டு, அதனால் மிஸ் அடிக்கும் சூட்டிலேயே அளப்பது நல்லது. காயிலைக் குறை சொல்வதற்கு முன் அதற்கு வரும் வோல்ட்டேஜையும், இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள எர்த் பட்டையையும் பார்த்துவிடுங்கள். பழைய வண்டியில் துருப்பிடித்த எர்த் செய்யும் கூத்துக்கு அளவில்லை.

கம்ப்ரஷன்

பிளக்கும் ஸ்பார்க்கும் சரியாக இருந்து அதே சிலிண்டர் செத்தே இருந்தால், பெட்ரோல் பக்கம் போவதற்கு முன் கம்ப்ரஷன் பார்ப்பதே நல்லது. அதில் குறை இருந்தால் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் வீண்.

இன்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டியுங்கள். த்ராட்டிலை முழுதாகத் திறந்து வையுங்கள். திறக்காவிட்டால் காற்று போதாமல் எல்லா எண்ணும் தவறாகக் குறைந்து வரும். கேஜை முதல் சிலிண்டரில் திருகி, கேஜ் ஐந்தாறு முறை துடிக்கும் வரை செல்ஃப் அடியுங்கள். எல்லாவற்றுக்கும் அதே எண்ணிக்கை. பேட்டரி நடுவில் இறங்கிவிட்டால் கடைசி சிலிண்டர்கள் அநியாயமாகக் குறைத்துக் காட்டும்.

நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜின் பொதுவாக 120 முதல் 180 பி.எஸ்.ஐ. காட்டும். மிகக் குறைந்த சிலிண்டர், மிக உயர்ந்ததில் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. உயர்ந்தது 150 என்றால் 112க்குக் கீழே இருப்பது குறையுள்ளது. குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியே ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அளங்கள். எண் கணிசமாக ஏறினால் ரிங் தேய்மானம். எண்ணெய் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். 1, 2 இரண்டும் 150, 3, 4 இரண்டும் 60 என்று வந்தால் கேஸ்கட் அவற்றின் நடுவில் திறந்திருக்கிறது.

வால்வு என்று முடிவானதும் உடனே ஹெட்டைக் கழற்றிவிடாதீர்கள். வால்வு கிளியரன்ஸ் கையால் வைக்கும் இன்ஜினில், இடைவெளி இறுகிப்போய் வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம். அப்படியானால் கவரைத் திறந்து ஃபீலர் கேஜால் கிளியரன்ஸ் வைத்தாலே எண் திரும்பி வரும். இறுகிய நிலையிலேயே நெடுநாள் ஓடியிருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்கும். அப்போது வேறு வழியில்லை. ஏர் கம்ப்ரசர் இருந்தால் பிஸ்டனை மேல் முனையில், இரண்டு வால்வுகளும் மூடிய நிலையில் நிறுத்தி, பிளக் துளை வழியே காற்றைக் கொடுத்துக் காது வையுங்கள். காற்று வந்ததும் கிராங்க் திடீரென்று சுழலக்கூடும். ஸ்பேனரை அதில் மாட்டியபடி விட்டுவிடாதீர்கள். கார்புரேட்டர் வாயில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கட்.

கம்ப்ரஷன் சோதனையில் தப்பிக்கும் குறை ஒன்று உண்டு. கேம் ஷாஃப்ட்டின் ஒரு மேடு தேய்ந்துபோனால் செல்ஃப் வேகத்தில் எண் ஓரளவு நன்றாகவே வரும். ஓட்டத்தில் மூச்சு முட்டும். வால்வு கவரைத் திறந்துவிட்டு இன்ஜினை மெல்லச் சுற்றி, எல்லா ராக்கர்களும் ஒரே உயரம் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள்.

காற்றும் பெட்ரோலும்

வேக்குவம் கேஜை இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டுங்கள். கடல் மட்டத்தில், நல்ல இன்ஜின் ஐடிலில் 17 முதல் 22 அங்குலம் பாதரசம், முள் அசையாமல். 300 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு அங்குலம் குறையும். முள் அசையாமல் தாழ்ந்தே இருந்தால் பெரிய கசிவு அல்லது பிந்திய டைமிங். ஒரே தாளத்தில் சட்டென்று விழுந்து எழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ஒரு சிலிண்டர் எரியவில்லை.

கசிவைத் தேட, மேனிஃபோல்டிலிருந்து போகும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக மூக்குத் தட்டையான ப்ளையரில் துணி சுற்றி நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐடில் சீராகிறதோ அதன் மறுமுனையில் கசிவு. பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்ஜின் அடிப்பகுதி வாயுவை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பி.சி.வி. ஹோஸ், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் டயாஃப்ரம் ஆகியவைதான் வழக்கமாக மாட்டுகின்றன. கார்புரேட்டர் அடி கேஸ்கட், மேனிஃபோல்ட் கேஸ்கட் ஓரங்களில் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் அடித்தால் கசிவுள்ள இடத்தில் ஆர்.பி.எம். தடுமாறும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே இதைவிடத் தெளிவாகக் காட்டும் என்பது உண்மை. ஆனால் பொறி கசியும் ஒயர் பக்கத்தில் இருக்கும்போது தீப்பிடிக்கும். ஒயர்களைச் சோதித்து முடிக்கும் முன் அதை எடுக்க வேண்டாம்.

பெட்ரோலில் முதல் வேலை ஃபில்டர். அடுத்தது அழுத்தம்: கார்புரேட்டர் வண்டியின் மெக்கானிக்கல் பம்ப் பொதுவாக 4 முதல் 7 பி.எஸ்.ஐ. தரும். அழுத்தம் மட்டும் போதாது, அளவும் வேண்டும். அரை நிமிடத்தில் சுமார் அரை லிட்டர் வர வேண்டும். சூடான இன்ஜின் பக்கத்தில் திறந்த பெட்ரோல் என்பதால் இக்னிஷனைத் துண்டித்து, ஆறிய நிலையில், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். பம்ப் சரி என்றால் ஃப்ளோட் பௌலில் தண்ணீரும் துருவும் தேங்கியிருக்கிறதா, ஐடில் ஜெட் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியில் பழைய பெட்ரோலே காரணமாகலாம்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலும் வைத்துப் பிடியில் காது வைத்தால், வேலை செய்வது 'டிக் டிக்' என்று சொல்லும். ஒன்று மட்டும் மௌனமாக இருந்தால் அதன் கனெக்டரைக் கழற்றி ஓம் அளங்கள். பல வண்டிகளில் 12 முதல் 16 ஓம் இருக்கும். மற்றவற்றோடு ஒத்துப்போனால் இன்ஜெக்டரை விட்டுவிட்டு அதற்கு வரும் ஒயரிங்கைத் தேடுங்கள்.

குறையைச் சரிசெய்த பிறகு, முதலில் மிஸ் எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில் வண்டியைச் சோதிக்க வேண்டும். சூட்டில் வந்தது என்றால் முழுச் சூடு ஏறும் வரை. சுமையில் வந்தது என்றால் அதே சுமையோடு மேட்டில். ஈரத்தில் வந்தது என்றால் ஸ்பிரே பாட்டிலோடு. டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட்டிருந்தால் டைமிங்கை மறுபடி பாருங்கள். நனைந்த பிளக்கோடு பல நாள் ஓடிய இன்ஜினில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே ஆயில் சம்ப்புக்கு இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால், வண்டியைச் சுமைக்கு அனுப்பும் முன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.